பல கேவிஎம் ஹோஸ்டுகளில் ஓடும் ஸ்கிரிப்டில் எரர்: எந்த வரிசையில் தேடுவது

ஒரு ஹோஸ்டில் (விஎம் எனப்படும் மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் சர்வரில்) ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்டை எட்டு ஹோஸ்டுக்கு விட்டதும் பாதியில் நிற்கிறது. அல்லது நிற்காமல் கடைசிவரை போய், முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வேலையைச் செய்யாமல் விட்டிருக்கிறது. முதல் வகையை அன்றே கண்டுபிடித்துவிடுவோம். இரண்டாவது வகை, பேக்கப் தேவைப்படும் அன்றுதான் தெரியவரும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எரரைப் பார்த்ததும் ஸ்கிரிப்டைத் திறந்து ஏதாவது ஒரு வரியை மாற்றி, மறுபடி எட்டிலும் ஓட்டுகிறார்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் எட்டு ஹோஸ்டும் எட்டு நிலையில் இருக்கும். அதன் பிறகு முதலில் வந்த எரர் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படி சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் நிற்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது லினக்ஸில் விஎம்களை ஓட்டும் கேவிஎம், அதன்மேல் அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட், லிப்விர்ட்டிடம் பேசும் விர்ஷ் கமாண்ட், பாஷ் ஸ்கிரிப்ட், ஹோஸ்டுக்குப் போக எஸ்எஸ்எச். கமாண்டுகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு சோதனை விஎம், குறைந்தது இரண்டு ஹோஸ்டுகளில். இது இல்லாமல் ஷட்டவுன், ஸ்னாப்ஷாட் ஸ்கிரிப்டைச் சோதிப்பது என்றால் யாரோ வேலை பார்த்துக்கொண்டிருக்கும் சர்வரில் சோதிப்பது என்று பொருள்.

ஹோஸ்ட் பெயர்கள் வரிக்கு ஒன்றாக உள்ள டெக்ஸ்ட் ஃபைல். அதை விண்டோஸ் நோட்பேடில் தயாரித்தீர்களா, லினக்ஸிலேயே தயாரித்தீர்களா என்பதை நினைவில் வையுங்கள். ஆறாம் படியில் அது தேவைப்படும்.

எல்லா ஹோஸ்டுக்கும் பாஸ்வேர்டு கேட்காமல் கீ மூலம் லாகின். ஸ்கிரிப்ட் ஓட்டப்போகும் அதே யூசரில் அது வேலை செய்ய வேண்டும். உங்கள் சொந்த லாகினில் வேலை செய்வது கணக்கில் வராது.

கடைசியாக, எல்லா ஹோஸ்டிலும் 'விர்ஷ் வெர்ஷன்' அடித்துப் பதிலை ஒரு ஃபைலில் சேமியுங்கள். ஒரு ஹோஸ்டில் மட்டும் பழைய லிப்விர்ட் இருந்தால், புதிய ஆப்ஷன் எதையாவது அது தெரியாது என்று சொல்லும். அரை மணி நேரத் தேடல் இந்த ஒரு நிமிடத்தில் மிச்சமாகும்.

2. ஒரு ஹோஸ்ட், ஒரு கமாண்ட்

ஸ்கிரிப்டை நிறுத்துங்கள். லூப்பை மறந்துவிடுங்கள். எரர் வந்த ஹோஸ்டுக்கு வெளியிலிருந்தே இந்த ஒரு வரியை ஓட்டுங்கள்: 'எஸ்எஸ்எச் ஹோஸ்ட்பெயர் விர்ஷ் லிஸ்ட் --ஆல்'.

ஹோஸ்டுக்குள் லாகின் ஆகி அங்கே விர்ஷ் அடித்துப் பார்ப்பது வேறு சோதனை. உள்ளே லாகின் ஆகும்போது ப்ரொஃபைல் ஃபைல்கள் படிக்கப்படுகின்றன. பாத் (கமாண்டுகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியல்), என்விரான்மென்ட் எல்லாம் செட் ஆகின்றன. எஸ்எஸ்எச்சோடு சேர்த்துக் கமாண்டை அனுப்பும்போது அது லாகின் ஷெல் இல்லை, அவற்றில் பல வராது. "கையால் அடித்தால் வருகிறது, ஸ்கிரிப்டில் வரவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான்.

ஓட்டியதும், வேறு எதையும் அடிப்பதற்கு முன், எக்ஸிட் கோடைப் பாருங்கள். 'எக்கோ' அடித்து டாலரும் கேள்விக்குறியும் போட்டால் வரும் எண். கமாண்ட் எப்படி முடிந்தது என்று அது சொல்லும், 0 என்றால் வெற்றி.

3. எக்ஸிட் கோட் சொல்வது

255 வந்தால் பிரச்சினை எஸ்எஸ்எச்சில். பெரும்பாலும் கமாண்ட் ஹோஸ்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஸ்கிரிப்டில் எந்த வரியை மாற்றினாலும் இது தீராது.

127 என்றால் ஹோஸ்டுக்குப் போய்விட்டீர்கள், ஆனால் அந்தக் கமாண்ட் அங்கே கிடைக்கவில்லை. பாத் பிரச்சினை, அல்லது பேக்கேஜே இல்லை. 126 என்றால் ஃபைல் இருக்கிறது, ஓட்ட அனுமதி இல்லை. 'டைம்அவுட்' கமாண்டுக்குள் வைத்து ஓட்டியிருந்தால், நேரம் கடந்ததற்கு 124 வரும். 1 என்றால் பெரும்பாலும் விர்ஷ்தான் மறுத்திருக்கிறது. அதன் எரர் வரியை முழுக்கப் படியுங்கள்.

ஸ்கிரிப்டில் ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் பெயர், நேரம், எக்ஸிட் கோட் மூன்றையும் ஒரு வரியாக லாகில் எழுத வையுங்கள். நான் பார்த்த ஸ்கிரிப்டுகளில் முக்கால்வாசி 'ஃபெயில்டு' என்று மட்டும் எழுதுகின்றன. எந்த ஹோஸ்ட், எந்த எண் என்று தெரியாத லாக் இருந்தும் பயனில்லை.

4. 255 வந்தால்

செய்தியைப் பாருங்கள். 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் மெஷின் உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் எஸ்எஸ்எச் கேட்கவில்லை, அல்லது ஃபயர்வால் உடனே மறுக்கிறது. 'டைம்டு அவுட்' என்றால் பாக்கெட்டுக்குப் பதிலே வரவில்லை. ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது, அல்லது மெஷின் இல்லை. 'பெர்மிஷன் டினைடு' என்றால் கீ, அல்லது யூசர் பெயர் தவறு.

'ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்டு' வந்தால் பலரும் ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங்கை 'நோ' என்று போட்டுவிடுகிறார்கள். வேண்டாம். ஓப்பன்எஸ்எஸ்எச் 7.6 முதல் 'அக்செப்ட்-நியூ' என்ற மதிப்பு இருக்கிறது. புதிய ஹோஸ்டின் கீயைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும், ஏற்கெனவே தெரிந்த ஹோஸ்டின் கீ மாறினால் நிற்கும். ஹோஸ்டை நீங்களே ரீஇன்ஸ்டால் செய்ததால் கீ மாறியிருந்தால், 'எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர்' என்று, ஆரைப் பெரிய எழுத்தில் கொடுத்து, பழைய கீயை மட்டும் நீக்குங்கள்.

ஸ்கிரிப்டில் ஓடும் எஸ்எஸ்எச்சுக்கு இரண்டு ஆப்ஷன் கட்டாயம். 'பேட்ச்மோட்' யெஸ், 'கனெக்ட் டைம்அவுட்' 5. முதலாவது இல்லாவிட்டால், கீ வேலை செய்யாத ஹோஸ்டில் ஸ்கிரிப்ட் பாஸ்வேர்டு கேட்டுவிட்டு அங்கேயே காத்திருக்கும். இரண்டாவது இல்லாவிட்டால், செத்துப்போன ஒரு ஹோஸ்ட் மற்ற ஏழையும் காக்க வைக்கும்.

5. எரரே இல்லை, ஆனால் விஎம் லிஸ்ட் காலி

எக்ஸிட் கோட் 0. தலைப்பு வரி வருகிறது. கீழே ஒரு விஎம்கூட இல்லை. ஹோஸ்டில் பன்னிரண்டு விஎம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

லிப்விர்ட்டில் கியூஎமுவுக்கு (கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்மை ஓட்டும் ப்ரோகிராம்) இரண்டு இணைப்புகள் உண்டு: சிஸ்டம், செஷன். ரூட்டாக விர்ஷ் அடித்தால் சிஸ்டம் கிடைக்கும். சாதாரண யூசராக அடித்தால், எதுவும் சொல்லாவிட்டால், அந்த யூசருக்கே உரிய செஷன் கிடைக்கும். அதில் விஎம் எதுவும் இல்லை என்பதால் லிஸ்ட் காலி. விர்ஷ் பொய் சொல்லவில்லை, கேட்ட இடத்தில் விஎம் இல்லை.

சில டிஸ்ட்ரோக்களில் லாகின் ஆகும்போது ப்ரொஃபைல் வழியாக இணைப்பின் முகவரி சிஸ்டம் என்று தானாக செட் ஆகிவிடும். இரண்டாம் படியில் சொன்னபடி, ஸ்கிரிப்டில் வரும்போது அது இருக்காது. அதனால் எப்போதும் 'விர்ஷ் -சி' கொடுத்து சிஸ்டம் முகவரியை வெளிப்படையாக எழுதுங்கள்.

எழுதியதும் அனுமதி இல்லை என்று வந்தால், அந்த யூசரை 'லிப்விர்ட்' குரூப்பில் சேர்க்க வேண்டும். இந்தக் குரூப்பில் இருப்பவர் நடைமுறையில் ரூட்டுக்குச் சமம், யாரைச் சேர்க்கிறீர்கள் என்று பார்த்துச் சேருங்கள். சேர்த்த பிறகும் அதே எரர் வந்தால் குழம்ப வேண்டாம். குரூப் மாற்றம் புதிய லாகினில்தான் வரும். வேகத்துக்காக எஸ்எஸ்எச்சின் கன்ட்ரோல்மாஸ்டர் அமைப்பைப் போட்டிருந்தால், பழைய இணைப்பையே எஸ்எஸ்எச் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். 'எஸ்எஸ்எச் -ஓ எக்ஸிட்' என்று, ஓவைப் பெரிய எழுத்தில் கொடுத்து, அதை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஹோஸ்ட் ரெட்ஹேட் 9 வகையாக இருந்தால் இன்னொன்று. அங்கே லிப்விர்ட்டி என்ற ஒரே டீமனுக்கு (பின்னணியில் ஓடும் சர்வீஸ்) பதிலாக விர்ட்கியூஎமுடி போன்ற தனித்தனி டீமன்கள். பழைய பெயரில் சர்வீஸ் ஓடுகிறதா என்று பார்க்கும் ஸ்கிரிப்ட், எல்லாம் நன்றாக இருக்கும்போதே எரர் அடிக்கும்.

6. லூப்: முதல் ஹோஸ்ட் மட்டும், அல்லது கடைசி ஹோஸ்ட் தவிர

ஒரு ஹோஸ்டில் எல்லாம் சரி என்ற பிறகுதான் லூப்புக்கு வாருங்கள். எல்லாரும் எழுதும் லூப் இது:

வைல் ரீட் ஹோஸ்ட்
டூ
எஸ்எஸ்எச் $ஹோஸ்ட் விர்ஷ் லிஸ்ட் --ஆல்
டன் < ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி

நானும் இப்படித்தான் எழுதினேன். எட்டு ஹோஸ்டில் வாரம் ஒருமுறை விஎம் எக்ஸ்எம்எல்களை (ஒவ்வொரு விஎம்மின் அமைப்பும் எழுதியிருக்கும் ஃபைல்களை) எடுத்துவைக்கும் ஸ்கிரிப்ட். எரர் இல்லை, எக்ஸிட் கோட் 0, சந்தேகப்படவே காரணம் இல்லை. ஐந்து வாரம் கழித்து நான்காவது ஹோஸ்டின் எக்ஸ்எம்எல் ஒன்று தேவைப்பட்டது. டைரக்டரியில் முதல் ஹோஸ்டின் ஃபைல்கள் மட்டுமே இருந்தன, ஐந்து வாரத்துக்கும்.

காரணம் எளிது. லூப்புக்கான ஸ்டாண்டர்டு இன்புட் அந்த டெக்ஸ்ட் ஃபைல். உள்ளே ஓடும் எஸ்எஸ்எச்சும் அதே ஸ்டாண்டர்டு இன்புட்டைத்தான் வாங்கிக்கொள்கிறது. முதல் சுற்றிலேயே மீதி ஏழு வரியையும் அது படித்து மறுமுனைக்கு அனுப்பிவிடுகிறது. ரீட் திரும்ப வரும்போது ஃபைலில் எதுவும் மிச்சமில்லை, லூப் முறையாக முடிகிறது. எஸ்எஸ்எச்சுக்கு '-என்' கொடுத்தால் அது இன்புட்டை வெறுமையிலிருந்து எடுத்துக்கொள்ளும், லிஸ்டைத் தொடாது.

இதற்கு நேர் எதிர்க் கோளாறு, கடைசி ஹோஸ்ட் மட்டும் விடுபடுவது. ஃபைலின் கடைசி வரிக்குப் பின் என்டர் இல்லையென்றால், ரீட் அந்த வரியைப் படித்துவிட்டுத் தோல்வி என்று சொல்லும், லூப் உள்ளே போகாது. ஃபைலின் முடிவில் ஒரு என்டர் தட்டிவையுங்கள். அதை நம்பியிருக்க விருப்பமில்லை என்றால், வைல் நிபந்தனையில் 'அல்லது ஹோஸ்ட் காலியில்லை' என்ற சோதனையையும் சேருங்கள்.

மூன்றாவது, நோட்பேடில் தயாரித்த ஃபைல். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கேரேஜ் ரிட்டர்ன் ஒன்றைச் சேர்க்கிறது. ஹோஸ்ட் பெயரின் வாலில் அது ஒட்டிக்கொள்ளும். பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற எரர் வரும், திரையில் பெயர் சரியாகத்தான் தெரியும். சில நேரம் எரர் வரியே பாதி அழிந்து, ஒன்றின்மேல் ஒன்று எழுதியது போல இருக்கும். அப்படி இருந்தாலே இதுதான் என்று முடிவுசெய்யலாம். 'கேட்' கமாண்டுக்குப் பெரிய எழுத்தில் '-ஏ' கொடுத்துப் பாருங்கள், வரி முடிவில் கூரைக்குறியும் எம்மும் தெரியும். 'டாஸ்டுயூனிக்ஸ்' ஓட்டினால் போய்விடும்.

விஎம் பெயர்களுக்கு இன்னொரு லூப் போடுகிறீர்கள் என்றால், 'விர்ஷ் லிஸ்ட் --நேம்' கடைசியில் ஒரு காலி வரி தரும் என்பதை மறக்காதீர்கள். காலிப் பெயரோடு ஓடும் கமாண்ட் என்ன செய்யும் என்பது கமாண்டைப் பொறுத்தது. காலியாக இருந்தால் தாண்டிப்போ என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

7. எந்த மெஷினில் ஓடுகிறது?

எஸ்எஸ்எச்சுக்குக் கொடுக்கும் கமாண்டை இரட்டை மேற்கோளில் போட்டு, அதற்குள் டாலர்-அடைப்புக்குறியில் விர்ஷ் லிஸ்ட் எழுதினால், அந்த விர்ஷ் உங்கள் மெஷினில் ஓடும், ஹோஸ்டில் அல்ல. அதில் கிடைத்த பெயர்கள்தான் ஹோஸ்டுக்குப் போகும். இந்த விஎம் இல்லை என்று ஏழு ஹோஸ்டும் சொல்ல, ஒன்று மட்டும் சரியாக ஓடினால், அந்த ஒன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஹோஸ்ட்தானா என்று பாருங்கள்.

ஒற்றை மேற்கோள் போட்டால் எல்லாம் அங்கே போய்த்தான் விரியும். ஆனால் உங்கள் மெஷினில் உள்ள மாறியின் மதிப்பும் வேண்டும் என்றால் மேற்கோளுக்குள் மேற்கோள், அதற்குள் பின்சாய்கோடு என்று போய்விடும். அந்தச் சண்டைக்குப் போகாதீர்கள். ஹோஸ்டில் ஓட வேண்டியதைத் தனி ஃபைலாக எழுதி, 'எஸ்எஸ்எச் ஹோஸ்ட் பாஷ் -எஸ்' என்று அந்த ஃபைலை இன்புட்டாகக் கொடுங்கள். இந்த முறையில் '-என்' போடக்கூடாது, போட்டால் ஸ்கிரிப்டே உள்ளே போகாது. இன்புட் ஏற்கெனவே வேறு ஃபைலுக்குத் திருப்பப்பட்டிருப்பதால் ஹோஸ்ட் லிஸ்டுக்கு ஆபத்தும் இல்லை.

இதே குழப்பம் ஃபைல்களிலும் உண்டு. எஸ்எஸ்எச்சில் போய் 'விர்ஷ் டிஃபைன்' ஓட்டினால், எக்ஸ்எம்எல் ஃபைல் அந்த ஹோஸ்டில் இருக்க வேண்டும். இங்கிருந்தே விர்ஷுக்குக் கியூஎமு பிளஸ் எஸ்எஸ்எச் முகவரி கொடுத்து ஓட்டினால், எக்ஸ்எம்எல்லை இங்கிருந்து படிக்கும். ஆனால் அதற்குள் எழுதியிருக்கும் டிஸ்க் பாத் அந்த ஹோஸ்டுடையது.

8. தோல்வியை மறைக்கும் வரிகள்

விர்ஷின் வெளியீட்டை 'டீ' கமாண்ட் (திரையிலும் ஃபைலிலும் ஒன்றாக எழுதுவது) வழியாக லாகில் எழுதினால், எக்ஸிட் கோட் டீயுடையது. டீ தோற்பது அரிது, அதனால் எப்போதும் 0. ஸ்கிரிப்டின் தலையில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' போடுங்கள், விர்ஷின் தோல்வி மறையாது.

ஃபங்ஷனுக்குள் 'லோக்கல்' என்று ஒரு மாறியை அறிவித்து, அதே வரியில் கமாண்டின் வெளியீட்டையும் வாங்கினால், கிடைக்கும் எக்ஸிட் கோட் லோக்கலுடையது. அறிவிப்பை ஒரு வரியிலும் மதிப்பை அடுத்த வரியிலும் எழுதுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எரர் வந்ததும் ஸ்கிரிப்டை நிறுத்தும் 'செட் -இ' போட்டால் எல்லாம் பிடிபடும் என்று நினைப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 0-இல் தொடங்கும் எண்ணியை இரட்டை அடைப்புக்குறிக்குள் பிளஸ் பிளஸ் போட்டு ஏற்றினால், அந்தக் கோவையின் மதிப்பு 0, எனவே எக்ஸிட் கோட் 1, ஸ்கிரிப்ட் முதல் ஹோஸ்டிலேயே செத்துவிடும். வரிகளில் தேடும் கிரெப் கமாண்டுக்கு எதுவும் கிடைக்காவிட்டாலும் 1தான். பல ஹோஸ்ட் ஸ்கிரிப்டில் நமக்கு வேண்டியது ஒரு ஹோஸ்ட் தோற்றாலும் மற்றவற்றுக்குப் போவது. ஒவ்வொரு எஸ்எஸ்எச்சுக்குப் பின்னும் கோடை எடுத்து எழுதிவிட்டு, கடைசியில் ஒன்றாவது தோற்றிருந்தால் 1 என்று முடிப்பதே எனக்குச் சரிப்பட்டது.

9. ஷட்டவுன் சொன்னதும் நின்றுவிடாது

'விர்ஷ் ஷட்டவுன்' விஎம்முக்குச் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும். எக்ஸிட் கோட் 0 என்றால் செய்தி அனுப்பியாயிற்று என்றுதான் அர்த்தம். அடுத்த வரியிலேயே டிஸ்கை காப்பி எடுத்தால், இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்கைத்தான் எடுப்பீர்கள். சில விஎம்கள் அந்தச் செய்தியைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

'விர்ஷ் டாம்ஸ்டேட்' ஐந்து நொடிக்கு ஒருமுறை கேட்டு, 'ஷட் ஆஃப்' வரும்வரை காத்திருங்கள். மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ ஒரு எல்லை வையுங்கள். எல்லை தாண்டினால் அந்த விஎம்மை விட்டுவிட்டு லாகில் எழுதுங்கள். தானாக 'டெஸ்ட்ராய்' கொடுக்கும் வரியை ஸ்கிரிப்டில் வைக்காதீர்கள். அது கரென்ட் ஒயரைப் பிடுங்குவதற்குச் சமம், அந்த முடிவை ஒரு மனிதர் எடுக்கட்டும்.

இங்கே ஒரு சின்ன பொறி. லிப்விர்ட்டுக்குத் தமிழ் உட்படப் பல மொழிபெயர்ப்புகள் உண்டு. பல லினக்ஸ்களில் எஸ்எஸ்எச் உங்கள் மெஷினின் மொழி அமைப்பையும் சேர்த்து அனுப்பும். விர்ஷ் வேறு மொழியில் பதில் சொன்னால், ஆங்கில வார்த்தையைத் தேடும் லூப் எல்லை வரை சுற்றும். விர்ஷுக்கு முன்னால் 'எல்சி ஆல்' என்பதை 'சி' என்று செட் செய்துவிடுங்கள்.

10. ஒரே நேரத்தில் பலவும், கிரானும்

வரிசையாக ஓடுவது சரியாக வந்த பிறகே பேரலலாக ஓட்டுங்கள். ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் தனி லாக் ஃபைல் வேண்டும், இல்லையென்றால் எட்டு ஹோஸ்டின் வரிகளும் கலந்து, எந்த எரர் யாருடையது என்று தெரியாது.

எல்லா இணைப்பும் ஒரே ஜம்ப் ஹோஸ்ட் (இடையில் நிற்கும் மெஷின்) வழியாகப் போகிறது என்றால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஹோஸ்ட் தோற்கலாம். எஸ்எஸ்எச் சர்வரின் மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ் அமைப்பின் இயல்பு மதிப்பு 10:30:100. இன்னும் லாகின் முடியாத இணைப்புகள் பத்தைத் தொட்டதும் புதியவற்றில் 30 சதவீதத்தைத் தள்ளிவிடத் தொடங்கும், நூறில் எல்லாவற்றையும் தள்ளும். தோற்கும் ஹோஸ்ட் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் ஹோஸ்டைச் சந்தேகிக்காதீர்கள். ஒரே நேரத்தில் நான்கு, ஐந்தாகக் குறையுங்கள்.

கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓடவில்லை என்றால் பார்க்க வேண்டியது மூன்று இடம். பாத் மிகக் குறுகியது, முழுப் பாத் எழுதுங்கள். கீ எஸ்எஸ்எச் ஏஜென்டில் (கீயை மெமரியில் வைத்திருக்கும் ப்ரோகிராம்) இருந்தால் கிரானுக்கு அது தெரியாது. கிரான்டேப் வரியில் தேதிக்காகச் சதவீதக் குறி போட்டிருந்தால், கிரான் அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொண்டு கமாண்டை அங்கேயே வெட்டிவிடும். முன்னால் பின்சாய்கோடு போடுங்கள், அல்லது தேதியை ஸ்கிரிப்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

11. மறுபடி ஓட்டும் முன்

பாதியில் நின்ற ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டும்போது வரும் எரர்கள் புதிய வகை. ஏற்கெனவே ஓடும் விஎம்முக்கு ஸ்டார்ட் கொடுத்தால் எரர். அதே பெயரில் ஸ்னாப்ஷாட் இருந்தால் எரர். இவை கோளாறே அல்ல, முந்தைய ஓட்டத்தின் மிச்சம். ஒவ்வொரு செயலுக்கு முன்னும் நிலையைக் கேட்டு, ஏற்கெனவே அப்படியே இருந்தால் தாண்டிப்போகும்படி எழுதுங்கள்.

விர்ஷ் தரும் எரர் போதவில்லை என்றால், ஹோஸ்டில் வார், லாக், லிப்விர்ட், கியூஎமு என்ற டைரக்டரியில் ஒவ்வொரு விஎம்முக்கும் அதன் பெயரிலேயே லாக் இருக்கும். டிஸ்க் ஃபைல் திறக்கவில்லை, மெமரி போதவில்லை போன்ற உண்மையான காரணம் பெரும்பாலும் அங்கே கடைசி சில வரிகளில் கிடைக்கும். டீமனின் லாகைப் பார்க்க ஜர்னல்சிடிஎல் கமாண்ட்.

பிறகு சோதனை விஎம் உள்ள ஒரு ஹோஸ்ட், அடுத்து இரண்டு, அதன் பின் எட்டும். இரண்டைத் தாண்டி ஒரேயடியாக எட்டுக்குப் போகாதீர்கள். ஆறாம் படியின் கோளாறுகள் சில இரண்டாவது ஹோஸ்டில்தான் முகம் காட்டும். ஓடி முடிந்ததும் லாகில் எத்தனை வரி, ஹோஸ்ட் ஃபைலில் எத்தனை வரி என்று எண்ணுங்கள். என் ஸ்கிரிப்டின் கடைசியில் இப்போது அந்த ஒப்பீடுதான் இருக்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் எனக்கு மெயில் வரும்.